நரியும் நாரையும் எந்தத் தட்டில்? பழைய ஆங்கிலப் பீங்கானில் ஈசாப் காட்சி வாங்க நினைப்பவருக்கு

ஈசாப் கதை தீட்டிய பழைய ஆங்கிலப் பீங்கான் ஒன்றே ஒன்று வாங்கினால் போதும் என்று நினைப்பவருக்கு முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன. லண்டன் செல்சி ஆலையின் தேநீர்ப் பாத்திரம். வூஸ்டர் ஆலையின் நீலப் பின்னணித் தட்டு அல்லது ஜாடி. கதையின் மிருகங்களே பொம்மைகளாக நிற்கும் மெழுகுவர்த்தித் தாங்கி. கடைசியாக, கையால் தீட்டாமல் அச்சுப் பதித்த சுவர் ஓடுகளும் தட்டுகளும். ஏல விற்பனையாளர்கள் இவற்றை விலை வாரியாகவும் அபூர்வம் வாரியாகவும் பிரிப்பார்கள். வீட்டில் வைத்துப் பல வருடங்கள் பார்க்கப் போகிறவருக்கு அந்தப் பிரிவினை போதாது. அந்தப் பொருளில் கதைக்கு எவ்வளவு இடம் கிடைத்திருக்கிறது, மிருகத்தின் முகம் தெரிகிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். அப்படிப் பார்க்கும்போது விலை வரிசை சில இடங்களில் தலைகீழாகிவிடும்.

செல்சியிலிருந்தே தொடங்க வேண்டும், ஏனென்றால் இந்த வகை ஓவியம் ஆங்கிலப் பீங்கானில் உச்சம் தொட்டது அங்கேதான். பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்திலிருந்து வந்த வெள்ளிக் கொல்லர் நிக்கோலஸ் ஸ்ப்ரிமோன் 1740களின் நடுவில் இந்த ஆலையை நடத்தத் தொடங்கினார். பொருளின் அடியில் இருக்கும் குறியை வைத்து ஆலையின் காலத்தைப் பிரிப்பது வழக்கம். முதலில் முக்கோணம், பிறகு 1749 முதல் புடைப்பு நங்கூரம், ஏறக்குறைய 1752 முதல் 1756 வரை சிவப்பு நங்கூரம், அதன் பின் 1769 வரை தங்க நங்கூரம். நமக்கு வேண்டிய கதைக் காட்சிகளில் பெரும்பாலானவை புடைப்பு நங்கூரத்தின் கடைசியிலும் சிவப்பு நங்கூரத்தின் தொடக்கத்திலும் வந்தவை. நான்கைந்து வருடங்களுக்குள் அடங்கும் ஒரு சிறிய காலம்.

அந்தக் காலத்துச் செல்சி, ஜெர்மனியின் மைசன் ஆலையையும் ஜப்பானின் காக்கியெமோன் பாணியையும் தயங்காமல் நகல் எடுத்துக்கொண்டிருந்தது. எண்கோண வடிவக் கோப்பையும், விளிம்பைச் சுற்றி ஓடும் பழுப்புக் கோடும் ஜப்பானிலிருந்து வந்தவை. ஆனால் அதே எண்கோணக் கோப்பையின் மேல் உட்கார்ந்த நரியும் சிங்கமும் ஆங்கிலப் புத்தகங்களிலிருந்து இறங்கியவை. 1666-இல் லண்டனில் வெளிவந்த பிரான்சிஸ் பார்லோவின் படங்கள் நிறைந்த ஈசாப் பதிப்பும், 1722-இல் வந்த சாமுவேல் கிராக்சலின் பதிப்பும் அப்போது வீட்டுக்கு வீடு அறிமுகமானவை. குழந்தைக்கு வாசிக்கக் கொடுக்க ஈசாப்பே ஏற்றது, படங்களோடு இருந்தால் இன்னும் நல்லது என்று 1693-லேயே தத்துவ அறிஞர் ஜான் லாக் எழுதிவிட்டார். தேநீர் விருந்தில் கோப்பையைத் திருப்பிப் பார்க்கும் சீமாட்டிக்குக் கதையை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கையில் எடுத்தவுடன் தெரிந்துவிடும்.

இந்தச் செல்சிக் காட்சிகளின் அழகு என்னவென்றால், அவற்றுக்குச் சட்டம் கிடையாது. வெள்ளை மேற்பரப்பின் நடுவில் ஒரு துண்டு நிலம், ஒரு மரம், தூரத்தில் ஒரு கட்டடமோ மலையோ, முன்னால் இரண்டு மிருகங்கள். நிலத்தின் ஓரங்கள் புல்லாகி, புல் மங்கி வெள்ளையில் கரைந்துவிடும். அதைச் சுற்றி இருப்பதெல்லாம் வெறும் வெள்ளை. சாசரைக் கையில் எடுத்துச் சாய்த்துப் பார்த்தால், வர்ணம் மேலே ஒட்டியதாகத் தெரியாமல், பீங்கானின் கண்ணாடிப் பூச்சான மெருகுக்குள் சற்று அமிழ்ந்திருப்பது தெரியும். இந்தப் பீங்கான் சீனத்துக் கடினப் பீங்கான் அல்ல. கண்ணாடித் தூள் கலந்து செய்த மென் பீங்கான். அதனால் வர்ணமும் மெருகும் சூளையில் ஒன்றோடொன்று இளகிப் போகின்றன. கோப்பையின் பின்புறத்தில் ஒரு பூவோ ஒரு பூச்சியோ தனியாகக் கிடக்கும். அலங்காரம் போலத் தோன்றும். பல நேரம் அது சூளையில் விழுந்த ஒரு புள்ளியையோ சிறு குழியையோ மறைக்கும் வேலை. நகத்தால் தடவினால் பூச்சியின் வயிற்றில் மேடு தட்டுப்படுவதுண்டு.

இந்த ஓவியங்களோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர் ஜெஃப்ரீஸ் ஹாமெட் ஓ'நீல். அயர்லாந்துக்காரர், நுண்ணோவியர், 1801-இல் இறந்தவர். செல்சியில் வேலை செய்தார். பிறகு வூஸ்டர் பீங்கானிலும் அவர் கை தெரிகிறது. அச்சுப் படங்களுக்கும் வரைந்து கொடுத்தார். அவர் மிருகங்களை மிருகமாக மட்டும் வரையவில்லை. அவருடைய சிங்கத்துக்கு யோசிக்கிற மனிதனின் முகம். நரிக்கு, பேசி முடித்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் ஒரு தரகரின் நிற்பு. விலங்கியல் படி பார்த்தால் தப்பும் தவறுமாக இருக்கும். லண்டனில் சிங்கத்தைப் பார்க்க டவர் கோட்டையின் மிருகக் கூடம் இருந்தது உண்மை, ஆனால் ஓ'நீலின் சிங்கங்கள் அங்கிருந்து வந்தவையாக எனக்குத் தோன்றவில்லை. புத்தகப் படங்களிலிருந்து வந்த சிங்கங்கள் அவை. அதனால்தான் நன்றாக இருக்கின்றன.

ஆனால் பெயரை நம்பிப் பணம் கட்டக் கூடாது. செல்சியில் கதைக் காட்சி தீட்டியதெல்லாம் ஓ'நீல்தான் என்று ஒரு காலத்தில் எழுதினார்கள். அங்கே அவர் கையெழுத்திட்ட பொருள் பெரும்பாலும் இல்லை என்பதால் எதை வேண்டுமானாலும் அவர் தலையில் கட்ட முடிந்தது. ஏலப் பட்டியலைப் படிக்கும்போது சொற்களைக் கவனிக்க வேண்டும். 'ஓ'நீல் தீட்டியது' என்பது ஒன்று. 'தீட்டியதாகக் கருதப்படுவது' என்பது அதற்கு ஒரு படி கீழே. 'ஓ'நீல் பாணியில்' என்றால் அவர் கை இல்லை என்று விற்பவரே நாகரிகமாகச் சொல்லிவிட்டார் என்று பொருள். விலையில் இந்த மூன்றுக்கும் இடையே பெரிய இடைவெளி உண்டு. கண்ணுக்கு நல்ல சிங்கம் நல்ல சிங்கம்தான், அது யார் தீட்டியதாக இருந்தாலும்.

போலி பற்றியும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் செல்சி என்ற பெயரில் சந்தைக்கு வருவதில் நிறைய செல்சி அல்ல. பாரிஸில் 1845-இல் தொடங்கிய சாம்சன் நிறுவனம் தங்க நங்கூரக் குறியோடு ஏராளமாக நகல் எடுத்தது. மற்றவர்களும் எடுத்தார்கள். பொதுவான எச்சரிக்கை ஒன்று: உண்மையான நங்கூரக் குறி மிகச் சிறியது, அரை சென்டிமீட்டர் அளவில், பெரும்பாலும் ஓரமாக, தேடித்தான் பார்க்க வேண்டும். அடிப்பகுதியின் நடுவில் பளிச்சென்று, பெருமையாக உட்கார்ந்திருக்கும் பெரிய நங்கூரத்தைக் கண்டால் பொருளைக் கீழே வைத்துவிடலாம். அடுத்து ஒரு டார்ச் விளக்கைத் தட்டின் பின்னால் பிடித்துப் பாருங்கள். சிவப்பு நங்கூரக் காலத்துப் பீங்கானில் பல நேரம் வெளிச்சமான வட்டப் புள்ளிகள் தெரியும். சேகரிப்பவர்கள் அவற்றை நிலாக்கள் என்பார்கள். தட்டின் அடியில், சூளையில் அதைத் தாங்கி நின்ற முனைகளின் மூன்று சிறு வடுக்களும் இருக்கும். பாரிஸ் நகல்கள் கடினப் பீங்கானில் செய்தவை. நிலா இருக்காது, உடைந்த விளிம்பு இருந்தால் கண்ணாடி போல வழவழப்பாக இருக்கும், வர்ணம் மெருகின் மேலேயே நிற்கும்.

இனி வூஸ்டர். 1751-இல் மருத்துவர் ஜான் வாலும் அவருடைய கூட்டாளிகளும் தொடங்கிய ஆலை. அவர்களுடைய கலவையில் கார்ன்வாலில் வெட்டி எடுத்த மாக்கல் சேர்ந்தது. அதனால் கொதிநீர் ஊற்றினால் விரிசல் விடாது. அன்றைய வியாபாரத்தில் இது பெரிய வசதி, செல்சியின் கோப்பைகளுக்கு அந்தத் தைரியம் கிடையாது. இன்றைக்கு வூஸ்டர் பொருட்கள் நல்ல நிலையில் அதிகம் கிடைப்பதற்கு அதுவும் ஒரு காரணம். டார்ச் வெளிச்சத்தில் லேசான பச்சை தெரியும். அடிவளையத்தின் உட்புறத்தில் மெருகு சற்றே விலகி, மெருகில்லாத மெல்லிய கோடு ஒன்று ஓடும்.

1760களின் கடைசியில் வூஸ்டர் பீங்கானில் ஓ'நீல் கதைக் காட்சிகளைத் தீட்டினார். சிலவற்றில் பெயரையும் எழுதினார், பாறையிலோ தரையிலோ ஒளித்து வைத்த மாதிரி. பெயர் எழுதிய பொருள் வேண்டும் என்றால் செல்சியை விட்டு வூஸ்டருக்குத்தான் வர வேண்டும். வேலைப்பாட்டில் குறை சொல்ல இடமில்லை. மீன் செதில் போல அடுக்கடுக்காகத் தீட்டிய நீலம், அதன் நடுவே வளைந்து வளைந்து போகும் தங்கக் கோடு, அந்தக் கோட்டுக்குள் வெள்ளை ஜன்னல், ஜன்னலுக்குள் நரி. ஏலத்தில் இதற்கு நல்ல போட்டி இருக்கும். வரவேற்பறை அலமாரியில் வைத்தால் வாசலிலிருந்தே கண்ணை இழுக்கும்.

என் சிக்கல் அந்த ஜன்னலோடுதான். நீலமும் தங்கமும் சேர்ந்து தட்டின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்கின்றன. மிருகங்கள் மிச்சமிருக்கும் இடத்தில் நிற்கின்றன. அதே ஓவியருடைய நரி செல்சி சாசரில் நடந்துவந்து நின்ற மாதிரி இருக்கும், வூஸ்டர் தட்டில் திரைச்சீலைக்கு நடுவே மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கும். பெரிய ஜாடிகளில் இந்தக் குறை குறைகிறது. காட்சிக்கு அங்கே அகலம் கிடைக்கிறது, மரங்கள் உயர்கின்றன, மேகம் வருகிறது. ஆனால் அந்த ஜாடிகளின் விலை அருங்காட்சியகங்களோடு போட்டி போடும் விலை.

வூஸ்டரில் இன்னொரு ஆபத்தும் உண்டு. எளிய அலங்காரம் கொண்ட உண்மையான பதினெட்டாம் நூற்றாண்டுத் தட்டை எடுத்து, இருந்த பூவை அமிலத்தால் சுரண்டிவிட்டு, விலை உயர்ந்த வண்ணப் பின்னணியும் காட்சியும் தீட்டி மறுபடி சூளையில் வைக்கும் வேலை பத்தொன்பதாம் நூற்றாண்டில் நடந்தது. பீங்கான் உண்மை, குறி உண்மை, ஓவியம் மட்டும் பொய். லென்ஸ் வைத்துப் பார்த்தால் அடிப்பகுதியில் கறுப்புப் பொட்டுகளும், மெருகில் கொப்புளம் போலச் சிறு குமிழிகளும் தெரியும். இரண்டாம் முறை சூடு பட்டதன் அடையாளம் அது. குறியைப் பார்த்து வாங்குபவர் இதில் தப்பவே முடியாது. சூடு பட்டதைப் பார்ப்பவர் தப்பிப்பார்.

மெழுகுவர்த்தித் தாங்கிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தங்க நங்கூரக் காலத்தில் செல்சியும், அதே சமயத்தில் டார்பி என்ற இன்னொரு ஆங்கில ஆலையும், இலையும் பூவும் அடர்ந்த புதரின் முன்னால் நரியும் கொக்கும் நிற்பது போன்ற தாங்கிகளைச் சோடி சோடியாகச் செய்தன. தீட்டிய காட்சி வேண்டும் என்று தேடுபவர் இவற்றை வாங்கினால் கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று என்றாகிவிடும். அதோடு நூற்றுக்கணக்கான பீங்கான் இதழ்களில் எத்தனை பழையவை, எத்தனை போன வருடம் ஒட்டியவை என்று கண்டுபிடிப்பது நிபுணருக்கே வேலை. சாம்சன் நகல்களும் இங்கேதான் குவிந்து கிடக்கின்றன. விரும்பி வாங்குபவர் அடிப்பகுதியைப் பார்க்கட்டும். டார்பி என்றால் சூளையில் நின்ற இடத்தில் கருமையான மூன்று நான்கு வட்டத் திட்டுகள் இருக்கும்.

அச்சுப் பொருட்கள் பற்றிப் பேசும்போது ஒன்றை நேராகச் சொல்ல வேண்டும்: இவை பீங்கானே அல்ல, மட்பாண்டம். லிவர்பூலின் ஜான் சாட்லரும் கய் கிரீனும் 1756 ஜூலை 27 அன்று ஆறு மணி நேரத்தில் 1,200-க்கும் மேற்பட்ட ஓடுகளில் படம் அச்சிட்டதாகச் சத்தியப் பத்திரம் எழுதிக் கொடுத்தார்கள். கையால் தீட்டும் ஓவியர் ஒருவர் அந்த நேரத்தில் எத்தனை முடித்திருப்பார் என்று நினைத்துப் பார்த்தால், ஓவியர்களின் பிழைப்புக்கு அந்த நாள் என்ன செய்தது என்று புரியும். ஈசாப் கதை ஓடுகள் சற்றுப் பின்னால், 1770களில், கிரீன் தனியாக நடத்திய காலத்தில் வந்தவை. ஏறக்குறைய 13 சென்டிமீட்டர் சதுரம், கணப்பு அடுப்பைச் சுற்றிப் பதிப்பதற்கு. ஓட்டின் முழுப் பரப்பையும் கதையே எடுத்துக்கொள்ளும். என் அளவுகோலின்படி வூஸ்டர் தட்டைவிட இந்த ஓட்டில் கதைக்கு இடம் அதிகம். விலையோ அதில் ஒரு சிறு பகுதி. ஓரம் உதிர்ந்திருப்பது சாதாரணம், சுவரிலிருந்து பெயர்த்தெடுத்த பொருள் அது. முகத்துக்கு நடுவே விரிசல் ஓடாமல் இருந்தால் போதும்.

ஸ்போட் ஆலை 1830 வாக்கில் வெளியிட்ட ஈசாப் வரிசை இன்னும் மலிவு. பெரும்பாலும் நீல அச்சு, விளிம்பு முழுக்கப் பூ, நடுவில் கதை. தட்டின் பின்னால் எந்தக் கதை என்று அச்சிட்டிருக்கும். இந்த வசதிக்காகவே அது எனக்குப் பிடிக்கும். ஒரு தட்டு நூறு பவுண்டை ஒட்டிக் கிடைக்கலாம், பெரிய பரிமாறும் தட்டு என்றால் கூடும். பிள்ளைகள் இருக்கும் வீட்டில், மேசையில் எடுத்து வைத்துக் கதை சொல்ல வேண்டும் என்றால் இதை வாங்குங்கள், மற்ற எதையும் யோசிக்காதீர்கள்.

கதையை அடையாளம் காண்பதில் நம் வாசகருக்கு ஒரு வசதி உண்டு. பள்ளிப் பாடத்தில் படித்த கதைகளே இவை. விற்பவர்கள் அடிக்கடி குழப்பும் ஒரு சோடியைச் சொல்கிறேன். நீண்ட அலகுப் பறவையும் நாய் போன்ற மிருகமும் இருந்தால் 'நரியும் நாரையும்' என்று எழுதிவிடுவார்கள். குறுகிய கழுத்துள்ள குடுவையோ தட்டையான தாம்பாளமோ படத்தில் இருந்தால்தான் அது விருந்துக் கதை. அலகு மிருகத்தின் வாய்க்குள் இருந்தால் அது தொண்டையில் எலும்பு சிக்கிய ஓநாயும், அதை எடுத்துக் கொடுத்த கொக்கும். இதனால் விலை பெரிதாக மாறாது. ஆனால் பட்டியலில் கதையைத் தவறாக எழுதியவர் மற்றதையும் அவசரமாகவே எழுதியிருப்பார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

சரி, எதை வாங்குவது? நல்ல நிலையில் இருக்கும் செல்சி கதைக் கோப்பையும் சாசரும் சேர்ந்து வந்தால் விலை ஆயிரங்களில் போகும். ஏலத் தொகையின் மேல் ஏல நிறுவனத்தின் கட்டணம் கால் பங்கு அளவுக்கு ஏறும், அதன் மேல் வரி. இவ்வளவு செலவழிக்க முடிந்தவர்களுக்கு என் யோசனை தேவைப்படாது. மற்றவர்களுக்குச் சொல்வேன்: அடிபட்ட செல்சியை வாங்குங்கள். விளிம்பில் சில்லு பெயர்ந்த சாசர், மயிரிழை விரிசல் ஓடும் கோப்பை, பழைய காலத்தில் உலோகத் தையல் போட்டு இணைத்த தட்டு. முழுமையான பொருளைத் தேடும் சேகரிப்பாளர்கள் இவற்றைத் தொடமாட்டார்கள், அதனால் விலை நன்றாக இறங்கும். விரிசல் நரியின் முகத்தைத் தவிர்த்துப் போயிருந்தால், காட்சி முழுசாக உங்கள் கையில் இருக்கிறது. அதே பணத்துக்குப் பழுதில்லாத, ஆனால் காட்சி சுமாரான வூஸ்டர் கோப்பை கிடைக்கும். எனக்குச் சந்தேகமே இல்லை, நான் அடிபட்டதைத்தான் எடுப்பேன்.

ஒரு நிபந்தனை. அடி வெளியே தெரிய வேண்டும். உலோகத் தையல் ஒளிவுமறைவில்லாத பழுது. பெயிண்ட் தெளித்து மறைத்த பழுது அப்படியல்ல. அதற்குள் எவ்வளவு ஓவியம் புதிதாகப் போட்டது என்று தெரியாது. புற ஊதா விளக்கில் புதுப் பூச்சு வேறு நிறத்தில் ஒளிரும். விளக்கு இல்லாவிட்டால் விளிம்பைச் சுற்றி விரலை மெதுவாக ஓட்டுங்கள். குளிர்ச்சியான பீங்கான் ஓரிடத்தில் வெதுவெதுப்பாக, பிளாஸ்டிக் போல வழுவழுத்தால் அங்கே கை வைத்திருக்கிறார்கள். ஏல நிறுவனத்திடம் நிலை அறிக்கையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தொலைபேசியில் சொன்னதை யாரும் பிறகு ஒப்புக்கொள்ளமாட்டார்கள்.

சில நூறு பவுண்டுகூட இல்லை என்றால் லிவர்பூல் ஓடு. அடிபட்ட செல்சி என்று சொல்லி அதே விலைக்கு யாராவது நீட்டினால், வேண்டாம் என்று சொல்லிவிட்டு லிவர்பூல் ஓடே வாங்குங்கள். அந்த விலையில் வரும் செல்சி பெரும்பாலும் பாரிஸிலிருந்து வந்ததாக இருக்கும்.

வாங்குவதற்கு முன் கண்ணைப் பழக்கிக்கொள்ள லண்டனில் காசு செலவாகாத இடம் இருக்கிறது. விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் மேல்மாடிப் பீங்கான் கூடங்களில், சார்லட் ஷ்ரைபர் சீமாட்டி 1884-இல் கொடுத்த ஆங்கிலப் பீங்கான் தொகுப்பு இருக்கிறது. ஐரோப்பா முழுக்க அலைந்து, விற்பவர்களோடு பேரம் பேசிச் சேர்த்தவர் அவர். ஆக்ஸ்போர்டின் ஆஷ்மோலியனில் மார்ஷல் தம்பதி சேர்த்த வண்ண வூஸ்டர் தொகுப்பு ஒரே இடத்தில் கிடைக்கிறது. இரண்டையும் ஒரு வாரத்துக்குள் பாருங்கள், முதலில் ஆக்ஸ்போர்டு, பிறகு லண்டன். நீலத்தையும் தங்கத்தையும் பார்த்துப் பழகிய கண்ணோடு வெள்ளைச் செல்சியின் முன்னால் நின்றும் உங்களுக்கு வூஸ்டரே பிடித்திருந்தால், என் பேச்சை விட்டுவிட்டு வூஸ்டரையே வாங்குங்கள்.